கோடியக்கரையில் குளிர்காலப் பறவைகள்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை கோடியக்கரைக்குப் போனபோது நான் பார்த்தது, கானலில் நெளிந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் கோடு. சைக்கிளை நிறுத்திவிட்டு அருகில் நின்ற பெரியவர் ஒருவர், "பூநாரைதான் தம்பி, நல்லாப் பாருங்க" என்றார். ஃபிளமிங்கோவைத்தான் சொன்னார். பார்த்தேன். கோடு கோடாகவே இருந்தது. அப்போது மணி பகல் பதினொன்றரை. கையில் மலிவாக வாங்கிய பைனாகுலர். தண்ணீர் பாட்டில் காலி. திரும்பிப் போகப் பேருந்து எப்போது வரும் என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் போய்வந்துவிட்டேன். இப்போது யோசித்தால், அன்று பறவைக்கு ஒன்றும் பஞ்சம் இருந்திருக்காது. நான் போன நேரம்தான் தப்பு. கடற்கரைப் பறவைகளைப் பொறுத்தவரை எங்கே போகிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் போய் எங்கே நிற்கிறோம் என்பதுதான் முக்கியம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வீண் பயணம் ஆனது. உங்களுக்கு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோடியக்கரைக்குப் போகும் வழியில் உள்ள வேதாரண்யம் வேறு, வேடந்தாங்கல் வேறு. சிரிக்காதீர்கள், இரண்டையும் குழப்பிக்கொண்டு வண்டி பதிவு செய்தவரை எனக்குத் தெரியும். வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டத்தில், பறவைகள் கூடு கட்டும் ஏரி. நாம் பேசுவது நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலை ஒட்டியுள்ள காடு, சதுப்பு, உப்பளம் பற்றி. இங்கே குளிர்காலத்தில் வருபவை பெரும்பாலும் கூடு கட்ட வருவதில்லை, தின்று கொழுக்க வருகின்றன.

1. தேதியைக் குறியுங்கள்

வலசைப் பறவைகள் அக்டோபரில் வந்து இறங்கத் தொடங்கும், மார்ச் வரை இருக்கும். அதனால் அக்டோபரிலேயே கிளம்பிவிடலாம் என்று தோன்றும். நானும் நவம்பரில் ஒருமுறை போனேன். இரண்டு நாளும் மழை. அறை ஜன்னலில் ஒரு மைனாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம்தான் கொட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில்தான் கரை கடந்தது. மழைக்காலத்தில் ஆபத்து ஒருபுறம், பயனும் குறைவு. சதுப்பில் தண்ணீர் ஆழமாக நிற்கும். உள்ளான் மாதிரி குட்டைக்கால் பறவைகளுக்கு ஈரச் சேறும் விரல் அளவு தண்ணீரும் வேண்டும். ஆழத் தண்ணீரில் அவற்றுக்கு வேலையே இல்லை.

மழை விட்டு, சதுப்பு மெல்ல வற்றி, ஓரமெல்லாம் சேறு வெளிப்படும்போதுதான் கூட்டம் கூடும். அதனால் முதல் பயணத்துக்கு ஜனவரி முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் ஒரு தேதியைக் குறியுங்கள். காட்டுப் பறவைதான் வேண்டும் என்றால் அக்டோபருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆறுமணிக்குருவி அப்போதுதான் இந்தக் காட்டில் வந்து இறங்கும். ஆனால் அது வேறு பயணம்.

இந்த இடைவெளியிலும் தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு:

தை அமாவாசை அன்று வேதாரண்யம் கடலிலும் கோடியக்கரையிலும் ஆயிரக்கணக்கானோர் நீராட வருவார்கள். முந்தின நாள் மாலையிலிருந்தே பேருந்தில் நிற்க இடம் இருக்காது, கடற்கரையில் பறவையும் இருக்காது. பொங்கல் வாரத்தில் இரவுப் பேருந்துகளுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வேளாங்கண்ணியில் அறை கிடைக்காது, அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள்.

2. தங்குமிடமும் போக்குவரத்தும்

தங்குவதற்கு மூன்று வழி. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, அதற்கு நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, விடிகாலையில் எழுந்து நடந்தே போய்விடலாம். கிடைக்காவிட்டால் வேதாரண்யம் ஊருக்குள் சிறிய விடுதிகள் உள்ளன. நான் எப்போதும் அங்கேதான். மூன்றாவது நாகப்பட்டினம் அல்லது வேளாங்கண்ணி. அறை வசதியாக இருக்கும், ஆனால் விடிகிற நேரத்தில் நீங்கள் இன்னும் சாலையில்தான் இருப்பீர்கள். முதலுக்கே மோசம்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நகரப் பேருந்து உண்டு. ஆனால் பறவைக்கு வேண்டிய விடிகாலை நேரத்துக்கும் பேருந்தின் நேரத்துக்கும் ஒத்துவராது. முந்தின நாள் மாலையே ஒரு ஆட்டோவைப் பேசிவையுங்கள். பேசும்போது 'கோடியக்கரை போய்வர எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'காலை ஐந்தரைக்கு எடுத்து, வழியில் பல இடத்தில் நிறுத்தி, பத்து மணிக்குத் திரும்பி வரணும்' என்று கேளுங்கள். இரண்டுக்கும் கூலி வேறு. முதலிலேயே சொல்லாவிட்டால் நடுவழியில் மனத்தாங்கல்தான் மிஞ்சும். வண்டியில் பாட்டு வேண்டாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

3. ஆவணமும் அனுமதியும்

கோடியக்கரை 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் இடம் இதுதான். உங்களுக்கு இதனால் ஆவது என்னவென்றால், இது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலம். காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, சீட்டு வாங்கித்தான் போக வேண்டும்.

சாதாரணப் பார்வையாளருக்கு முன் அனுமதிக் கடிதம் தேவையில்லை. வனத்துறை நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கினால் போதும். ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு என்று தனித்தனிக் கட்டணம் இருக்கும். எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகையாக வராது, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட அது மேல். சீட்டு எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்பதை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். வாயில் திறக்கும்வரை பொதுச் சாலை ஓரத்தில் நின்று சதுப்பைப் பார்க்கலாம், அந்த நேரம் வீணாகாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், அசலோடு ஒரு நகலும். வண்டி உங்களுடையது என்றால் அதன் பதிவுச் சான்றும் காப்பீடும். இது கடலோர எல்லைப் பகுதி. கடற்படையும் கடலோரக் காவல் குழுமமும் இருக்கும் இடம். கழுத்தில் பைனாகுலரோடு விடிகாலையில் கடலைப் பார்த்து நிற்கும் ஆளை 'யாரு, எந்த ஊரு' என்று கேட்கத்தான் செய்வார்கள். என்னை இரண்டு முறை கேட்டார்கள். அட்டையைக் காட்டி, பறவைப் புத்தகத்தைத் திறந்து காட்டியதும் விட்டுவிட்டார்கள், ஒருவர் நின்று பூநாரையையும் பார்த்துவிட்டுப் போனார். கலங்கரை விளக்கம், கண்காணிப்புக் கோபுரம், கடற்படை வளாகம் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்பாதீர்கள்.

டிரோன் கொண்டுபோகவே வேண்டாம். ஆராய்ச்சி, பறவை பிடித்துக் காலில் அடையாள வளையமிடுதல், திரைப்படம் எடுத்தல் இதற்கெல்லாம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், கடைசி நேரத்தில் கேட்டுப் பயனில்லை.

4. என்ன வாங்குவது

பைனாகுலரில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கடையில் பெட்டிமேல் 20x50, 30x60 என்று பெரிய எண்ணாகப் போட்டிருக்கும். பெரிதாகத் தெரியுமே என்று வாங்கிவிடுவோம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு பெரிதாக்கினால் உங்கள் கைநடுக்கமும் இருபது மடங்கு பெரிதாகும். கடற்கரை வாடைக்காற்றில் அதைப் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்க முடியாது. 8x42 வாங்குங்கள். நல்ல கம்பெனியின் தொடக்கநிலை மாடல் எனக்கு ஒன்பதாயிரம் ரூபாயில் கிடைத்தது. அதற்கு முன் இரண்டாயிரத்துக்கு வாங்கியது இப்போது என் அக்கா மகனின் விளையாட்டுச் சாமான்.

முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி இருந்தால் சதுப்பில் சொர்க்கம்தான். ஆனால் முதல் பயணத்துக்கு வாங்காதீர்கள். ஏதாவது ஒரு பறவை பார்ப்போர் குழுவோடு போனால் யாராவது ஒருவர் கொண்டுவருவார், வரிசையில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

மற்றபடி தொப்பி, மங்கல் நிறச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சேற்றில் போனாலும் கவலைப்படாத செருப்பு, பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, பென்சில். மழைத்துளி பட்டால் பேனா மை கரையும், பென்சில் கரையாது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்கு பங்கு கேட்கும்.

5. வெளிச்சம், கடல் ஏற்றம்: இரண்டையும் பார்த்து நில்லுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு வரும் சாலை வடக்கிலிருந்து தெற்காக வருகிறது. பெரும் சதுப்பு அதற்கு மேற்கே விரிந்து கிடக்கிறது. கிழக்கே காடும் அதற்கு அப்பால் கடலும். அப்படியென்றால் காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சதுப்பில் நிற்கும் பறவைமேல் நேராக வெளிச்சம் விழும். காலின் நிறம், அலகின் நிறம் எல்லாம் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கண்ணில் குத்தும். எல்லாப் பறவையும் கருப்பு நிழல்தான். ஆகவே காலையில் சதுப்பு, மாலையில் கிழக்குக் கடற்கரை. நான் முதல் இரண்டு பயணத்திலும் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

காலை ஒன்பதரைக்கு மேல் கானல் கிளம்பும். அப்புறம் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி வைத்திருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணீரில் போட்ட படம் போல ஆடும். ஜனவரியில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும், எனவே உங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரம். மாலையில் மூன்றரையிலிருந்து ஆறு வரை. நடுப்பகலில் அறைக்குப் போய்த் தூங்குங்கள், அல்லது காட்டோரம் வெளிமான் பாருங்கள்.

அடுத்து கடல் ஏறுவதும் வற்றுவதும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அடுத்தடுத்த நாளில் இந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் குஜராத் கரை போல மீட்டர் கணக்கில் வராது, ஒரு மீட்டருக்குள்தான். 'அப்படியென்றால் பார்க்கத் தேவையில்லையே' என்று நினைக்க வேண்டாம். நிலம் தாம்பாளம் போலச் சமமாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே பரந்த சேற்றுவெளி மூழ்கிவிடும்.

வற்றும்போது பறவைகள் வெளிப்பட்ட சேறெங்கும் சிதறி, தூரத்தில் மேயும். ஏறும்போது தண்ணீர் அவற்றைத் தள்ளிக்கொண்டே வரும். கடைசியில் உயரமான திட்டுகளிலும் உப்பளப் பாத்திகளிலும் நெருக்கமாக வந்து நின்று ஓய்வெடுக்கும். அதனால் ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய் ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். பறவை உங்களை நோக்கி வரும். நீங்கள் அதை நோக்கி நடந்தால் எழும்பிப் போய்விடும்.

ஏற்ற வற்ற நேரத்தை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் சதுப்பின் தண்ணீரைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை, பெய்த மழையும் வீசும் காற்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதற்கு அட்டவணை கிடையாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மீன்பிடிக்க வெளியூரிலிருந்து வந்து கோடியக்கரையில் தங்கும் மீனவர்கள் உண்டு, அவர்களிடம் முந்தின நாள் மாலை 'நாளைக்கு எப்ப அண்ணே தண்ணி ஏறும்' என்று கேளுங்கள். மீன் இறங்கும் இடத்துக்குக் காலையில் போனால் கடற்காகமும் செம்பருந்தும் ஆலாவும் தலைக்குமேல் சுற்றுவதையும் பார்த்துவிடலாம்.

6. உப்பளத்தில் நடந்துகொள்வது

கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி பக்கத்து உப்பளங்கள் பறவைக்கு அருமையான இடம். அதே சமயம் அவை ஒருவருடைய பிழைப்பு நடக்கும் இடம். நுழைவதற்கு முன் மேஸ்திரியிடமோ வேலை செய்பவர்களிடமோ கேளுங்கள். கேட்டு யாரும் மறுத்ததில்லை. ஒரு அம்மா எனக்குச் சொன்னதுதான் இன்றுவரை பயன்படுகிறது: "தண்ணி நிக்கிற பாத்திக்கு வராது தம்பி, வத்துன பாத்திக்குத்தான் வரும்."

வரப்பின்மேல் மட்டும் நடங்கள். ஈர வரப்பு கால்பட்டால் சரியும், அதைத் திருப்பிக் கட்ட அவர்களுக்கு ஒரு நாள் கூலி. பாத்திக்குள் இறங்கவே கூடாது. சதுப்பிலும் அப்படித்தான். மேலே காய்ந்து வெடித்த மண்ணாகத் தெரியும், அடியில் உளை. முழங்கால்வரை புதைந்து, செருப்பை அங்கேயே காணிக்கையாக விட்டுவிட்டு வந்தவன் நான்.

பூநாரைக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள். கை தட்டுவார்கள், ஹாரன் அடிப்பார்கள். எனக்கு இதைப் பார்த்தால் உடம்பெல்லாம் எரியும். ஒரு கொசு உள்ளானின் எடை இருபது, முப்பது கிராம். அது ஆர்க்டிக் பகுதிக்குத் திரும்பிப் போகச் சேர்க்கும் கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் பிடுங்குகிறோம். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? நெருங்கியது போதும் என்று பொருள். இரண்டடி பின்னால் வாருங்கள், அது மீண்டும் குனியும்.

7. அடையாளம் காண்பது: எல்லாம் சாம்பல்தான்

புத்தகத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் செங்கல் நிறத்திலும் கருப்புக் கோட்டோடும் அழகாக இருக்கும். அது அவை இனப்பெருக்கக் காலத்தில் போடும் உடை. நம்மிடம் வரும்போது அதைக் களைந்துவிட்டு மேலே சாம்பல், கீழே வெள்ளை என்று சீருடைக்கு வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் கிளம்பும் முன் சிலவற்றில் சிவப்பு ஏறத் தொடங்கும், அவ்வளவுதான். அதனால் நிறத்தை நம்பாமல் மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

முதலாவது நடை. உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். சிறுபிள்ளைகள் 'ஸ்டாச்சு' விளையாடுவது போல. கொசு உள்ளான் நிற்கவே நிற்காது, தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டே போகும். வளைந்த மூக்குள்ள உள்ளான் வயிறு நனையும் தண்ணீரில் நின்று அலகை ஆழமாக விடும்.

இரண்டாவது அலகு. கோட்டானின் (ஆந்தையைச் சொல்லவில்லை, இது கரைப்பறவை) அலகு கீழ்நோக்கி அரிவாள் போல வளைந்து நீண்டிருக்கும். மூக்கனின் அலகு நீண்டு நேராக இருக்கும். அதில் கருவால் மூக்கன் பறக்கும்போது இறக்கையில் அகலமான வெள்ளைப் பட்டையும் வால் நுனியில் கருப்பும் தெரியும். கரண்டிவாயனுக்கு விளக்கமே வேண்டாம்.

மூன்றாவது கால். சிவந்த கால் பவளக்காலி, பச்சை கலந்த கால் பச்சைக்காலி. உடம்புக்குப் பொருந்தாத அளவு நீண்ட இளஞ்சிவப்புக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான். காலையில் சதுப்பைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். எதிர்வெயிலில் எல்லாக் காலும் கருப்பு.

பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனம் அல்ல, அதே பூநாரையின் இளம் பறவைகள். நான் அவற்றைக் கொக்கு என்று எழுதிவைத்திருந்தேன்.

முதல் நாளில் இருபது இனம் உறுதியாகத் தெரிந்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். தெரியாததை 'உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. போவதற்கு முன் உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ இரண்டு மூன்று காலை பழகிக்கொள்ளுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது, விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் மரக்காணத்தை ஒட்டிக் கழுவேலி இருக்கிறது. பவளக்காலியையும் நெடுங்கால் உள்ளானையும் அங்கேயே பழகிவிட்டால், மற்றவற்றை 'அதைவிடச் சின்னது, இதைவிடப் பெரியது' என்று ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும்.

8. பார்த்ததைப் பதிவு செய்வது

எழுதாமல் விட்ட பறவை ஒரு வாரத்தில் மறந்துவிடும். இ-பேர்ட் செயலி இலவசம், இந்தியாவில் பறவை பார்ப்போர் பெரும்பாலோர் அதில்தான் பதிகிறார்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போதே கணக்கைத் தொடங்கி, நம் பகுதிக்கான பறவைப் பட்டியலை இறக்கிவையுங்கள். அங்கே போய் இறக்கப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சதுப்பு ஓரம் வந்து நின்றதும் பட்டியலைத் தொடங்குங்கள், கிளம்பும்போது முடியுங்கள். காட்டுக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று என்று இடத்துக்கு இடம் தனிப் பட்டியல் போடுங்கள். நாள் முழுக்கப் பார்த்ததை ஒரே பட்டியலில் கொட்டினால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று செயலி கேட்கும். காக்கை, மைனாவையும் சேர்த்து எழுதியிருந்தால்தான் 'ஆம்' சொல்ல வேண்டும்.

கூட்டத்தை எண்ண ஒரு வழி: முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவு துண்டு கூட்டத்தில் எத்தனை என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். பெரிய கூட்டம் என்றால் நூறு நூறாக. எண்ணவே முடியாவிட்டால், 'இருந்தது, எண்ணவில்லை' என்று பொருள்படும் 'எக்ஸ்' போடலாம். ஆனால் தோராயமான ஒரு எண், 'எக்ஸ்'ஸைவிட எப்போதும் மேல்.

இப்போது என் மானம் போன கதை. இரண்டாவது பயணத்தில், மாலை எதிர்வெயிலில், அலகு நுனி தட்டையாக அகன்ற ஒரு குட்டி உள்ளானைப் பார்த்தேன். கரண்டிமூக்கு உள்ளான்! உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை, முன்பு கோடியக்கரையில் பதிவானதும் உண்டு. கை நடுங்க உடனே பதிவேற்றினேன். இரண்டு நாள் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து ரொம்பப் பணிவான மின்னஞ்சல்: படம் இருக்கிறதா, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், பக்கவாட்டில் பார்த்தீர்களா, அலகில் சேறு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டா? கடைசிக் கேள்வியிலேயே விடை இருந்தது. அலகு நுனியில் சேற்றுக் கட்டி ஒட்டிய கொசு உள்ளான் அது. பதிவை நீக்கிவிட்டேன்.

அப்படிக் கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள், சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை அது. அபூர்வமான ஒன்றைப் பார்த்தால் முதலில் செல்போனையாவது பைனாகுலரில் ஒட்டவைத்து ஒரு படம் எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறக்காமல், பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறந்துவிட்டால் கண் அதில் உள்ளதையே பார்த்ததாகச் சாதிக்கும்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ உள்ள பறவை தெரிந்தால், எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் படிக்க முடிந்ததா என்று குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடுவது அவர்கள்தான்.

தனியாகப் போகத் தயக்கமா? ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பொங்கல் நான்கு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புகளிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வதுண்டு. டிசம்பரிலேயே பெயர் கொடுத்துவிட்டால் விவரம் தெரிந்த ஒருவரோடு கட்டணமில்லாமல் நடக்கலாம். நான் மூன்று பயணத்தில் கற்றதைவிட, அப்படி ஒரு காலையில் கற்றது அதிகம்.

9. செலவு

சென்ற ஜனவரியில் நானும் நண்பரும் சென்னையிலிருந்து போய் இரண்டு இரவு தங்கி வந்த கணக்கு இது, இரண்டு பேருக்கும் சேர்த்து. பேருந்து போக வர 1,800 ரூபாய். அறை 2,400. இரண்டு காலைக்கும் ஒரு மாலைக்கும் ஆட்டோ 1,500. சாப்பாடு 1,200. சீட்டு, டீ, சில்லறை எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 7,200, ஆளுக்கு 3,600.

இதில் குறைக்கப் பார்க்கக் கூடாதது ஆட்டோ. அதில் ஐந்நூறு மிச்சம் பிடிக்கப் போய் விடிகாலையை இழந்தால் மீதிச் செலவெல்லாம் தண்டம். நான்கு பேராகப் போனால் ஆட்டோவும் அறையும் பங்காகிவிடும். நான்குக்கு மேல் வேண்டாம், பேச்சுச் சத்தத்திலேயே பாதிப் பறவை போய்விடும்.

ஒரு இரவு மட்டும் தங்குவதாக இருந்தால் மதியத்துக்குள் வேதாரண்யம் போய்ச் சேருங்கள். அன்று மாலை கிழக்குக் கடற்கரை, மறுநாள் காலை சதுப்பு, முடித்துவிட்டு மதியம் கிளம்பலாம். பழவேற்காட்டையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது சென்னைக்கு வடக்கே இருக்கிறது, எதிர்த்திசை. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே போனால் யாராவது படகில் பூநாரை காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது. கரையில் நின்றே பாருங்கள், காலை ஏழு மணிக்கு.